செலீன் கழற்றிய படம்

செலீனைக் கள்ளி என்று சொன்னவர்கள் கொழும்பில் இன்றைக்கும் சுகமாக இருக்கிறார்கள். புதுக் கார் வாங்குகிறார்கள், கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருக்கிறார்கள். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். அவள் எடுத்தது ஒரு போட்டோ. கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் கொம்பனியின் வரவேற்பறையில் தொங்கியது. அதை அவள் ஆணியிலிருந்து கழற்றியபோது, அவள் ஏறி நின்ற கதிரையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என்னை ஒருவரும் கள்ளி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அது பெருமையாக இருந்திருக்கும்.

செலீன் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். அங்கேயே கன்னியாஸ்திரிகளிடம் படித்து, துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய கிளறன்ஸைக் கலியாணம் முடித்து, அவர் காலமான பிறகு ஒரு மகளோடு அதே ஒழுங்கையில் இருந்தாள். சோப்புச் செய்கிற எங்கள் சவர்க்காரக் கொம்பனியில் அவளுக்கு ரைப்பிஸ்ட் என்று பெயர், ரைப்பிஸ்ட் என்று சம்பளம். செய்தது மொழிபெயர்ப்பாளர் வேலை. மேலே இருந்து இங்கிலீஷில் இறங்குகிற அறிவித்தல்களைத் தமிழாக்கி, அலுவலகத்தில் இருந்த ஒரேயொரு தமிழ் ரைப்ரைட்டரில் அடித்து, வாசல் பலகையில் குத்த வேண்டும். எம்.டி. மேடையில் பேசினால் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். அவள் அடித்ததைச் சரிபார்க்க மேலே ஒருவராலும் முடியாது. எங்கள் எம்.டி. சவுந்தரநாயகம் தமிழர்தான், ஆனால் கறுவாத்தோட்டத்துப் பணக்காரத் தமிழர். வீட்டில் இங்கிலீஷ், சமையல்காரியோடு சிங்களம், எங்களோடு உடைந்த தமிழ். தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தேன். கணக்குப் பகுதியில் செலீனுக்கு அடுத்த மேசை என்னுடையது. அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு சொல்லைத் தமிழாக்கி முடித்த பிறகும் அதை விடமாட்டாள். சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போதும் அதையே கிண்டிக்கொண்டிருப்பாள்.

சவுந்தரநாயகத்துக்கு முன்பு இருந்தவர் கொம்பனியை ஒரு மெசின் என்று சொல்லுவார். நாங்கள் எல்லோரும் அதன் பல்லுச் சில்லுகளாம். அவருடைய காலத்தில் ஒரு தொழிலாளிக்குக் கொதிக்கிற கோஸ்டிக் சோடாவில் கை வெந்தது. அடுத்த நாள் வந்த அறிவித்தலில், உற்பத்தி தடைப்படாமல் அந்த இடம் உடனே நிரப்பப்பட்டது என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தார்கள். அந்தக் கை என்ன ஆனது என்று ஒரு வரி இல்லை. மனிதர் அப்படியொன்றும் கொடியவர் அல்லர். ஆனால் சில்லு என்று நினைத்துப் பழகிய பிறகு, உடைந்ததைக் கழற்றி வேறு போடுவதைத் தவிர என்ன தோன்றும்?

தொண்ணூற்றாறில் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்ததும் கொம்பனி ஒரு ரீம், அதாவது ஓர் அணி, ஆகிவிட்டது. ரீமுக்காக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்தார்கள்.

"ரீம் எண்டால் சரி, கிண்ணம் ஆரின்ரை அலுமாரியிலை இருக்குது?" என்று கேட்டாள் செலீன்.

எனக்குக் கவிதை வாசிக்கிற பைத்தியம் உண்டு. அதனால் அவளோடு வாதாடுவேன்.

"உருவகம் இல்லாமல் மனிசர் கதைக்கேலுமே, செலீன்? கவிதை முழுக்க அதுதானே?"

"கவிதையிலை முகம் தாமரை எண்டால் ஒருத்தரும் முகத்துக்குத் தண்ணி ஊத்த வாறதில்லை. பொய் எண்டு எழுதினவருக்கும் தெரியும், வாசிக்கிற உமக்கும் தெரியும். ரெண்டு பேரும் சந்தோசமா இருக்கிறீங்கள். நோட்டீஸிலை அப்பிடி இல்லை. எழுதினவருக்கு மட்டும்தான் தெரியும்."

பிறகு ஒரு திங்கட்கிழமை, முதல்நாள் பூசையில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றிச் சொன்னாள். ஆண்டவர் மேய்ப்பராம், நாங்கள் ஆடுகளாம். "நல்ல கதைதான். ஆனால் ஆடு வளர்க்கிறவன் ஏன் வளர்க்கிறான் எண்டு கோயிலுக்குள்ளை ஒருத்தரும் கேக்கிறதில்லை, பாரும்" என்றாள். சொல்லிவிட்டு வாயில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் பக்தி உள்ளவள்தான்.

அடுத்த வருடம் சவுந்தரநாயகம் எங்கோ வெளிநாட்டில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்ததும் நாங்கள் குடும்பமாகிவிட்டோம். அவர் அப்பா. நாங்கள் பிள்ளைகள்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அது செய்த வேலையைப் பார்க்காதவர்கள். தொழிற்சங்கச் செயலாளர் ஜாபிர் லேசில் மசிகிற ஆளில்லை. மெசின் காலத்தில் இரண்டு தடவை வேலைநிறுத்தம் செய்தவர். அவரே ஓவர்டைம் காசைப் பற்றிக் கேட்க மேலே போய், தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தார். "வாப்பாட்ட கூலி கேக்கிற மகனா நீ எண்டு கேக்கிறார். நான் என்னத்த சொல்ல?" என்றார். சம்பளம் போதாது என்றால் நன்றி கெட்டவன். லீவு கேட்டால் வீட்டைவிட்டு ஓடப் பார்க்கிறவன். மெசின் என்று சொன்ன காலத்தில் எங்களுக்குக் கோபமாவது வந்தது. இப்போது அதுவும் வெட்கமாக மாறிவிட்டது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை என் கண்ணால் கண்டது அங்கேதான்.

தொண்ணூற்றெட்டு ஜனவரி முதல் வேலைநாள். வழக்கம்போலக் குத்துவிளக்கு ஏற்றி, தட்டில் இறுக்கிய பாற்சோற்றைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். அந்த முறை எம்.டி. புதிதாக ஒன்று செய்தார். குடும்பத்தின் மூத்த பிள்ளைக்குத் தன் கையால் ஊட்டப்போவதாகச் சொல்லி, களஞ்சியத்தில் வேலை செய்த சிவானந்தன் அண்ணையைக் கூப்பிட்டார். அண்ணை யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஆள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில். யுத்தத்தால் பாதை பூட்டி, அவர்களைப் பார்த்து வருடக்கணக்கு. இங்கே வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடியில் தனி அறை. எம்.டி.யைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நரைத்த தலையைக் குனிந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தார். போட்டோக்காரன் எடுத்தான். அந்தப் படம்தான் வரவேற்பறையில் தொங்கியது. கீழே மூன்று மொழியிலும் பித்தளைத் தகடு: "ஒரே குடும்பம்." தமிழைச் செலீன்தான் எழுதிக் கொடுத்தாள்.

அதே மேடையில்தான் அந்த மடைத்தனமும் நடந்தது. எம்.டி. உணர்ச்சிவசப்பட்டு, கொம்பனி அடையாள அட்டைகள் இனி வேண்டாம் என்று அறிவித்தார். எல்லோரும் அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஃபமிலிக்குள்ளே காட் எதுக்கு? என்ட வீட்டுக்குள்ளே நான் காட் காட்டிட்டா போறேன்?"

அந்த நாள்களில் கொழும்பில் ஒரு தமிழருக்கு, அதுவும் வடக்குத் தமிழருக்கு, வேலையிடத்து அட்டை என்பது உயிர். ஒவ்வொரு சந்தியிலும் பஸ்ஸை நிறுத்தி இறக்குவார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தால் அடுத்த கேள்வி, கொழும்பில் என்ன வேலை என்பதுதான். அதற்கு நாங்கள் காட்டியது அந்த அட்டையை. சாரதி ஓட்ட, பின்சீற்றில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டு போகிறவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் காரை ஒருவனும் மறித்ததில்லை.

செலீன் மேடையிலேயே மெதுவாகச் சொன்னாள். "சேர், காட் உள்ளுக்கு வாறதுக்கு இல்லை. வெளியிலை போறதுக்கு."

"செலீன், செலீன்... எப்பவும் சண்டை பிடிக்கிற மகள்," என்று அவர் சிரித்தார். சபையும் சிரித்தது. அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் மாதம் நகரத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு சுற்றிவளைப்புகள். ஒரு விடியற்காலை வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து ஒழுங்கைகளைச் சுற்றி, ஆம்பிளைகளை லொறியில் ஏற்றினார்கள். சிவானந்தன் அண்ணையின் வீட்டுக்காரி பஸ் தரிப்பில் நின்ற என்னிடம் ஓடி வந்து சொன்னார். அண்ணையிடம் தேசிய அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவு இருந்தது. வேலைக்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார்களாம். மனுஷன் தன் கொம்பனி ஒரு குடும்பம், அங்கே அட்டை கிடையாது என்று சொல்லியிருக்கிறார். முதலில் ஏற்றியது அவரைத்தானாம்.

நானும் செலீனும் எம்.டி.யிடம் போனோம். ஒருவர் வந்து, இவர் எங்கள் ஆள் என்று சொன்னால் போதும், மற்றவர்களை அப்படித்தான் விடுகிறார்கள் என்று சொன்னோம். அவர் பேனை மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"லுக், இது செக்யூரிட்டி மேட்டர். கொம்பனி இதுக்குள்ளே தலை போட ஏலாது. அவருக்கு ஆக்கள் இருப்பாங்கதானே? ஃபமிலி யாராவது போகட்டும்."

அந்தச் சொல்லை அவர் அவ்வளவு இலகுவாகச் சொன்னார். தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்பதே அவருக்குத் தெரியவில்லை. அவர் பயந்திருந்தார், அவரும் தமிழர்தானே, பெயர் எங்கேயும் எழுதப்படக்கூடாது என்ற பயம். பயத்தை நான் மன்னிப்பேன். பாற்சோற்றை ஊட்டிய கையால் அட்டையைப் பிடுங்கிவிட்டுப் பிறகு பயப்படுவதைத்தான் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். கொழும்பு அடையாள அட்டையும் நல்ல சிங்களமும் செலீனிடம்தான் இருந்தன. "நீர் வாய் திறக்கப்படாது, அருந்ததி. உம்மடை சிங்களத்துக்கு உம்மையும் இருத்திப்போடுவாங்கள்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனாள். பொறுப்பதிகாரி களைத்த மனுஷர். கத்தவில்லை. கொம்பனியின் பொறுப்பான ஆள் நாளை மத்தியானத்துக்குள் நேரில் வர வேண்டும், அதற்குப் பிறகு ஆள் தன் கையில் இல்லை, தடுப்பு உத்தரவில் வேறு இடத்துக்குப் போய்விடும் என்றார். அப்படிப் போனவர்கள் வழக்கு இல்லாமல் வருடக்கணக்காக உள்ளே இருந்தார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சிவானந்தன் அண்ணையைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். சேர்ட் பொத்தான் இல்லை. பிரஷர் குளிசை கேட்டார். பிறகு ஒரு குழந்தையைப் போல, "எம்.டி.க்குச் சொல்லிப்போட்டியளோ? அவர் வருவார்" என்றார்.

செலீன் கம்பியைப் பிடித்தாள்.

"அவர் என்ரை வாயிலை சோறு தீத்தின மனுசன், பிள்ளை. விடமாட்டார்" என்றார் அண்ணை.

திரும்பி வரும் வழி முழுக்கச் செலீன் அழவில்லை, திட்டவுமில்லை. பஸ்ஸால் இறங்கும்போது, "அந்தாள் அதை நம்பியிருக்குது, அருந்ததி. நான் தமிழிலை எழுதிக் குடுத்ததை அப்பிடியே நம்பியிருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் காலை அவள் நேரே வரவேற்பறைக்குப் போனாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். "பிடியும்" என்றாள். பிடித்தேன். வரவேற்பில் இருந்த பெண் பதறிப்போய், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். "குடும்பப் படம். வீட்டுக்காரரிட்டைக் காட்டக் கொண்டு போறம்" என்று சொல்லிவிட்டு, படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஜிந்துப்பிட்டி இராமரின் ஓட்டோவில் அதைச் சரித்துப் பிடித்தபடி போனோம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் படத்தை எட்டிப் பார்த்த ஆமிக்காரன், சாமி படமாக்கும் என்று நினைத்து விட்டுவிட்டான்.

பொறுப்பதிகாரியின் மேசையில் படத்தைச் சாத்தி வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். சோறு வாங்குகிறவரை அடையாளம் கண்டார். சோறு கொடுக்கிறவரைக் காட்டி, "மே மாத்தயா கவுத?" இந்த ஐயா யார், என்று கேட்டார்.

"அபே தாத்தா" என்றாள் செலீன். எங்கள் அப்பா.

அதிகாரி அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கீழே தகட்டில் இருந்த சிங்களத்தை வாய்விட்டு வாசித்தார். "ஏகம பவுல." ஒரே குடும்பம். அவருக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கொம்பனி நம்பரைக் கேட்டு, தொலைபேசியை எடுத்தார். அவர் பேசியதைச் செலீன் பிறகு எனக்குச் சொன்னாள். "சேர், உங்கள் குடும்பத்து ஆள் ஒருவர் என்னிடம் இருக்கிறார். நீங்கள் அவருக்கு ஊட்டுகிற படமும் இருக்கிறது. உங்களுக்கு அவரைத் தெரியும் என்று எழுதட்டுமா, தெரியாது என்று எழுதட்டுமா?"

தொலைபேசியை வைத்துவிட்டு, எங்களை இருக்கச் சொன்னார்.

சவுந்தரநாயகம் வந்தார். வெள்ளைச் சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம், "எயா மகே புதா வகே," இவர் என் மகன் மாதிரி, என்றார். அதிகாரி நரைத்த தலையையும் கறுத்த தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மகன் வேளைக்கே கிழடாகிவிட்டார் என்றார். பக்கத்தில் நின்ற கொன்ஸ்டபிள் சிரித்துவிட்டான். எம்.டி. கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்கு முன்பே அண்ணையை வெளியே விட்டார்கள்.

அண்ணை வெளியே வந்ததும் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை கொதிக்கிறது. எம்.டி.யின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "நீங்கள் வருவியள் எண்டு தெரியும் சேர். தெரியும்." நான் உண்மையைப் போட்டு உடைக்க வாய் திறந்தேன். செலீன் என் கையைக் கிள்ளினாள். "இண்டைக்கு வேண்டாம். அந்தாள் நித்திரை கொள்ளட்டும்."

படத்தை அன்று பின்னேரமே அதே ஆணியில் கொழுவிவிட்டோம். ஆனாலும் இரண்டு கிழமையில் செலீனுக்கு விசாரணை வந்தது. கொம்பனிச் சொத்தை அனுமதியில்லாமல் அகற்றியது. கொம்பனியின் பெயரைப் பாதுகாப்புப் பிரச்சினைக்குள் இழுத்தது. மேலே இருந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் களவு. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவள் என்றும் ஒருவர் சொன்னார். அங்கே நடந்ததைக் குறிப்பெடுக்க என்னை உள்ளே இருத்தியிருந்தார்கள்.

"குடும்பப் படத்தை எடுக்கிறதுக்கு ஆரிட்டை சேர் கேக்கோணும்?" என்று கேட்டாள் செலீன்.

எம்.டி. மேசையில் தட்டினார். "டோன்ட் பி சில்லி! அது ஒரு பேச்சுக்குச் சொல்றது! பேச்சுக்குச் சொன்னதை வைச்சுட்டு பொலிஸுக்குப் போவாங்களா?"

"சேர் பேச்சுக்குச் சொன்னதை வச்சுத்தான் நாங்கள் ஓவர்டைம் கேக்காமல் விட்டனாங்கள். பேச்சுக்குச் சொன்னதை வச்சுத்தான் காட்டைத் திருப்பித் தந்தனாங்கள். அப்ப அது பேச்சு எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

"கொம்பனிக்கு ரூல்ஸ் இருக்கு."

"ஓம் சேர்," என்றாள் அவள். "இண்டைக்குத்தான் சேர் கொம்பனி எண்டு சொல்லிறீங்கள்."

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அறிவித்தல் வழக்கம்போல இங்கிலீஷில் இறங்கியது. இப்போது குடும்பம் போய்விட்டது, கப்பல் வந்திருந்தது. நாம் எல்லோரும் ஒரே கப்பலில் கொந்தளிக்கும் கடலில் பயணிக்கிறோமாம், கப்பலின் நன்மைக்காக ஒரு மாலுமியைக் கனத்த மனத்தோடு கரையில் இறக்கிவிட நேர்ந்ததாம். அதைத் தமிழாக்க அலுவலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளையே ஆக்கச் சொன்னார்கள். அதில் இருந்த அநியாயம்கூட அவர்களுக்கு உறைக்கவில்லை.

செலீன் கடைசி நாளில் உடுப்புக் கசங்காமல் நிமிர்ந்திருந்து அடித்தாள். பலகையில் தானே குத்திவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம், பிடிபட்டவர்களின் வாக்குமூலங்களை மொழிபெயர்க்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பலகையில் இருந்த தமிழ் இதுதான்:

"செலீன் கிளறன்ஸை வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம். பொலிஸ் பிடித்து வைத்திருந்த சிவானந்தனை வெளியே எடுக்க எம்.டி. வர மறுத்தார். செலீன் வரவைத்தார். அதுதான் காரணம். இது ஒரு கொம்பனி. இங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம், ஓவர்டைம், லீவு, அடையாள அட்டை ஆகியவை உரியவை. கேட்டு வாங்கவும்."

இங்கிலீஷ், சிங்களம், தமிழ் என்று மூன்று அறிவித்தல்களும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. தமிழுக்கு முன்னால் மட்டும் எப்போதும் நாலு பேர் நின்றார்கள். எம்.டி. ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது, தமிழ் ஆட்கள் அறிவித்தலை மரியாதையாக வாசிக்கிறார்கள் என்று என்னிடம் சந்தோஷப்பட்டார். "ஓம் சேர்" என்றேன். ஜாபிர் அந்தக் கிழமையே அடையாள அட்டைக்கும் ஓவர்டைமுக்கும் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார். மாதம் முடிவதற்குள் அட்டைகள் திரும்பி வந்தன.

சிவானந்தன் அண்ணை களஞ்சியத்திலிருந்து வந்து ஒருநாள் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றார். வாசித்து முடித்தார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு களஞ்சியத்துக்குத் திரும்பிப் போனார்.

அடுத்த ஜனவரி. விளக்கு ஏற்றினார்கள், பாற்சோறு வெட்டினார்கள். வரவேற்பறைக்குப் புதுப் படம் வேண்டியிருந்தது; போட்டோக்காரன் தயாராக நின்றான். கப்பலின் மூத்த மாலுமிக்கு என்று சொல்லி, எம்.டி. ஒரு துண்டை விரல்களால் பிய்த்து, சிவானந்தன் அண்ணையின் வாய்க்கு நேரே நீட்டினார்.

அண்ணை கைகட்டவில்லை. வாயும் திறக்கவில்லை. எம்.டி.யின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

"வேண்டாம் சேர்" என்றார் அண்ணை, எல்லோருக்கும் கேட்கும்படியாக. "நான் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்."